படகு வரைந்த பிளாஸ்டர்

போன மாதம் சதீஷ் போன் செய்தான். சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டரில் நான் நின்ற இடத்தில் இப்போது நிற்பவன் அவன். நலம் விசாரித்து முடித்துவிட்டு, "மாமா, குழந்தைங்க வார்டுக்குப் பெயிண்ட் அடிச்சிட்டாங்க. சும்மா பளபளன்னு செவுத்துல மூஞ்சி தெரியுது" என்றான்.

"அந்தப் போர்டு?"

"எந்தப் போர்டு?"

"வாசல்ல மாட்டியிருக்குமேடா. திருநீறு, எண்ணெய் எதுவும் பூசாதீங்கன்னு."

"ஓ, அதுவா. கழட்டுனாங்க மாமா. நல்லா தொடச்சி வச்சிருந்து, பெயிண்ட் காஞ்சதும் பழைய ஆணியிலயே மாட்டிட்டாங்க."

போனிலேயே அந்தப் போர்டைக் கண்டபடி திட்டினேன். "ஒரு போர்டு மேல உங்களுக்கு ஏன் மாமா இவ்ளோ கோவம்?" என்று அவன் கேட்டான். போனில் சொல்லித் தீர்கிற விஷயமா அது? எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகு, அவன் ஒருவன் மட்டும் படித்தால் போதாது என்று தோன்றிவிட்டது.

நான் புவனகிரிக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடலூரில் ஒரு நர்சிங் ஹோமில் தரை துடைக்கச் சேர்ந்தேன். தரையிலிருந்து பாத்திரம், பாத்திரத்திலிருந்து கருவிகளைக் கொதிக்க வைக்கிற வேலை, அங்கிருந்து தியேட்டர் வாசல், பிறகு தியேட்டருக்குள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. திட்டு வாங்கியே கற்றுக்கொண்டேன். இரண்டாயிரத்து நான்கில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வந்து, இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ரிட்டயர் ஆனேன். ஒரு டிரஸ்ட் நடத்திய ஆஸ்பத்திரி. பெயர் எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் எல்லோரும் அந்த ஒரு கட்டடத்தைத் திட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்த பழக்கம் எந்தக் கட்டடத்திலும் இருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவன். தியேட்டரில் என் பெயர் பழனிவேல் இல்லை, 'பயம் பழனி'. "ஆக்சிஜன் இருக்கா பாருங்க", "அந்த ஒயர் சூடா இருக்கு பாருங்க" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. அதில் முக்கால்வாசி ஒன்றுமில்லாத பயம். அதனால் உண்மையாகவே பயப்பட வேண்டிய ஒன்றை நான் சொன்னபோதும் சிரித்தார்கள். அவர்களை அதற்காக நான் குறை சொல்லவில்லை. கோபம் வேறு இடத்தில்.

தியேட்டரில் என் முக்கியமான வேலை குழந்தைகளை மடக்கிப் பிடிப்பது. வயிற்றிலோ நெஞ்சிலோ பெரிய ஆபரேஷன் என்றால், மயக்க மருந்து கொடுத்துக் குழந்தை தூங்கிய பிறகு ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். முழங்கால் வயிற்றில் படும்படி, தலை நெஞ்சுக்கு வரும்படி நான் மடக்கிப் பிடிக்க வேண்டும். முதுகு வில்லாக வளையும். முதுகெலும்புகளுக்கு நடுவில் இடம் கிடைக்கும். அங்கே ஊசியை நுழைத்து, அதற்குள் நூல் பருமனில் ஒரு குழாயைச் செருகி, ஊசியை உருவிவிடுவார்கள். குழாய் உள்ளேயே இருக்கும். தண்டுவடத்தைச் சுற்றியிருக்கிற உறைக்கு வெளியே, மயிரிழை தள்ளி. அதன் வழியாக மரத்துப்போகிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், வயிற்றைக் கிழித்துத் தைத்த குழந்தை அடுத்த நாள் பிஸ்கட் கேட்கும். இதற்கு முன்பெல்லாம் அந்தக் குழந்தைகள் எப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியும். பிஸ்கட் கேட்கிற குழந்தையை முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதைச் செய்கிறவர் ஜெசிந்தா மேடம், மயக்க டாக்டர். குள்ளமானவர். ஸ்டூல் மேல் ஏறி நின்றுதான் வேலை செய்வார். முதுகைப் பழுப்பு மருந்தால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைப்பார். துடைத்த பஞ்சு திரும்ப நடுவுக்கு வராது. பிறகு கையுறை போட்ட இரண்டு கைகளையும் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். மருந்து தானாகக் காய வேண்டும். ஆபரேஷன் செய்யக் காத்திருக்கிற சீஃபுக்கு அந்த நேரம்தான் பொறுக்காது. எங்கள் ஆஸ்பத்திரியில் தலைமை சர்ஜனை எல்லோரும் சீஃப் என்போம்.

"மேடம், ஆச்சா?"

"காயணும் சார்."

"ஒரு துணி எடுத்துத் தொடச்சா என்ன?"

"வடாம் புழிஞ்சிட்டு துணியால தொடப்பாங்களா சார்? அதுவா காயணும். அவசரப்பட்டா புழு வைக்கும்."

சீஃபுக்கு முகம் சிவக்கும். எங்களுக்குச் சிரிப்பு வரும், முகமூடி இருந்ததால் பிழைத்தோம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மேடமே வார்டுக்குப் போய்த் தாயிடம் பேசுவார். ஒளிக்க மாட்டார். "உன் புள்ள முதுகுல பின்பக்கமா ஒரு வாசல் தெறக்கறம்மா. வலிக்கு மருந்து போறதுக்கு. அந்த வாசல் வழியா கிருமியும் போகலாம். போனா, முதுகுத்தண்டு பக்கத்துல சீழ் வைக்கலாம், கால் வராமப் போகலாம். அப்படி ஆகறது ரொம்பக் கம்மி. ஆனா ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். அதனால நான் வாசலப் பூட்டி வச்சிருவேன். பூட்ட யாரும் தொடக்கூடாது. நீயும் தொடாத, நர்ஸையும் தொட விடாத. சில நாள்தான், நானே வந்து எடுத்துருவேன்."

அவர் சொன்ன பூட்டு என்பது பிளாஸ்டர். கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டர். குழாய் நுழைந்த ஓட்டையை அதற்கு மேலிருந்தே பார்க்கலாம். சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா என்று தினமும் வந்து பார்ப்பார், பிரிக்க மாட்டார். அடியில் ஒரு பொட்டு ரத்தம் உறைந்திருக்கும். அது இருந்தால் இருக்கட்டும் என்பார். பிளாஸ்டரின் ஓரத்தில், ஓட்டையிலிருந்து தள்ளி, பேனாவால் ஒரு படம் வரைவார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படம். மயில், சைக்கிள், பலாப்பழம். குழந்தையால் தன் முதுகைப் பார்க்க முடியாது. அம்மா பார்த்துச் சொல்ல வேண்டும். "இருக்காம்மா என் மயிலு?" "இருக்குடி." அதற்காகவே தாய்மார்கள் நாளுக்கு நாலு தடவை பார்ப்பார்கள். மேடத்துக்கு வேண்டியது அதுதான்.

இனி கபிலன் கதைக்கு வருகிறேன்.

பிச்சாவரம் பக்கத்துச் சுனாமி குடியிருப்பிலிருந்து வந்த பையன். நாலு வயது இருக்கும். சிறுநீரகத்தில் அடைப்பு. அவன் அம்மா அஞ்சலை மீன் கூடை தூக்குகிற பெண். அட்மிஷன் அன்றே என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீங்கதான உள்ள தூக்கிட்டுப் போவீங்க? அவன் ஒரு கையில என் முந்தானையப் புடிச்சிட்டுதான் தூங்குவான். அங்க எதையாவது புடிக்கக் குடுங்கண்ணே." ஒரு துணிச்சுருளைக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டே மயங்கினான். நான் மடக்கிப் பிடித்தேன், மேடம் குழாய் வைத்தார், படகு வரைந்தார்.

கண் விழித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "படகுல வலை இருக்கா?"

மேடம் குனிந்து, "வலை வரையலையேடா. நாளைக்கு வரையட்டா?" என்றார்.

"இல்லாட்டி எப்படி மீன் புடிக்கறது?" என்றான், மயக்கம் தெளியாத குரலில். சீஃப் உட்பட எல்லோரும் சிரித்தோம். அடுத்த நாள் மேடம் வலையும் வரைந்தார். அதற்கடுத்த நாள் அவருடைய மாமனாருக்கு உடம்பு முடியவில்லை என்று வெளியூர் போக வேண்டியதாயிற்று. கடலூரிலிருந்து வேறொரு மயக்க டாக்டர் தினமும் வந்து குழாயின் வெளி முனையில் மருந்தை ஏற்றிவிட்டுப் போனார். முதுகை அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

இங்கேதான் ரவுண்ட்ஸ் வருகிறது.

சீஃப் கெட்ட சர்ஜன் இல்லை. கை அவ்வளவு சுத்தமான கை. ஆனால் காலையில் வார்டைச் சுற்றி வருவது அவருக்கு ஒரு சாமி புறப்பாடு. பின்னால் டாக்டர்கள், நர்ஸ்கள், படிக்கிற பிள்ளைகள். அவர் கண்ணில் அழுக்கு படக்கூடாது. அதனால் அவர் வருவதற்கு முன் வார்டில் ஓர் அலங்காரம் நடக்கும். படுக்கை விரிப்பை இழுத்துச் செருகுவார்கள். குழந்தைகளுக்குத் தலை வாரிப் பவுடர் போடுவார்கள். சாப்பிட்ட தட்டுகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போகும். ரத்தம் கசிந்த கட்டு இருந்தால் மேலே புதுத் துணி ஒன்று சுற்றுவார்கள், உள்ளே என்ன இருந்தாலும் சரி.

மேடம் ஊருக்குப் போன அன்று காலை, ஒரு குழந்தையின் முதுகில் கண்ணாடி பிளாஸ்டருக்கு அடியில் ரத்தப் பொட்டு தெரிந்திருக்கிறது. சீஃப் நின்றுவிட்டார். வார்டு இன்சார்ஜ் மல்லிகா சிஸ்டரைக் கூப்பிட்டு, எல்லாத் தாய்மாரும் பார்க்க, "இது வார்டா, கறிக்கடையா? இந்த அசிங்கத்த என் கண்ணுல காட்டாதீங்க" என்றார். மல்லிகா சிஸ்டர் அந்த வார்டில் எத்தனையோ குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவர். அன்று அவர் ஸ்டோர் ரூமுக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன்.

அதிலிருந்து தினமும் காலையில் ரவுண்ட்ஸுக்கு முன்னால் முதுகுப் பிளாஸ்டர்களும் அலங்காரத்தில் சேர்ந்துவிட்டன. தாய்மார்களை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, பழையதை உரித்து, எல்லோரும் கை விடுகிற டப்பாவிலிருந்து ஒரு ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் துடைத்து, வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டினார்கள். கையுறை இல்லை. காய விட நேரம் இல்லை. சீஃப் படியேறி வருகிற சத்தம் கேட்டால் யார் காய விடுவார்கள்?

இரண்டு நாள் கழித்து நான் ஒரு குழந்தையைத் தியேட்டருக்கு அழைத்துப்போக ஸ்ட்ரெச்சரோடு வார்டுக்குப் போனபோது கபிலன் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, என் படகு போயிடுச்சு."

"எங்கடா போச்சு?"

"அம்மா பாத்துச்சு. இல்லியாம். வெள்ளையா இருக்காம்."

ஸ்ட்ரெச்சரை அங்கேயே விட்டேன். மல்லிகா சிஸ்டரிடம் போனேன். "சிஸ்டர், அந்தப் பிளாஸ்டர தொடக்கூடாதுன்னு மேடம்..."

"பழனிண்ணே, அவுங்க வந்து ரவுண்ட்ஸ்ல திட்டு வாங்குவாங்களா? உங்களுக்கு ஒயரப் பாத்தாலும் பயம், பிளாஸ்டரப் பாத்தாலும் பயம். போங்க, தியேட்டர்ல கூப்புடறாங்க."

டூட்டி டாக்டரிடம் சொன்னேன். "பயம் பழனி ரிப்போர்ட் வந்தாச்சு, இனிமே வார்டு பத்திரம்" என்று சொல்லி என் தோளில் தட்டினார்.

பையனுக்கு மறுநாள் காய்ச்சல். ரவுண்ட்ஸில் சீஃப் அவனைத் திருப்பிப் படுக்க வைத்தார். நானும் அங்கே இருந்தேன். வெள்ளைப் பிளாஸ்டரின் ஓரம் ஈரமாக, மஞ்சளாக ஊறியிருந்தது. உரித்தார். ஓட்டையைச் சுற்றிச் செக்கச் சிவந்து, அழுத்தினால் சீழ் வந்தது.

தலையணைக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அம்மன் கோயில் திருநீறு. யாரோ ஒரு டாக்டர் அதை எடுத்து நீட்டினார்.

"இது என்ன?" என்றார் சீஃப்.

அஞ்சலை, "சாமி திருநீறு சார்" என்றாள்.

"முதுகுல பூசுனியா?"

"இல்ல சார். நெத்தியிலதான். முதுகுல கைய வைக்கவே இல்ல சார், டாக்டரம்மா சொன்னாங்க..."

"நெத்தியில பூசுனா முதுகுல எப்படிம்மா சீழ் வரும்? மீன் வாரின கை. அதே கையால பூசியிருப்ப. உங்களுக்கெல்லாம் சுத்தம்னா என்னான்னு யாரு சொல்லிக் குடுக்கறது? இந்தப் புள்ளைக்குக் கால் போனா அது உன் கையால போனது. ஞாபகம் வச்சுக்க."

படிக்கிற பிள்ளைகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். அஞ்சலை தன் கைகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவற்றை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். மல்லிகா சிஸ்டர் கையில் டிரேயோடு நின்றார்.

மத்தியானம் ஜெசிந்தா மேடம் வந்து சேர்ந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வார்டுக்குத்தான் வந்தார். பையன் முதுகைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "படகு எங்க?" வேறு எதையும் கேட்காமல் குழாயை உருவினார். அதன் நுனியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். கால் விரல்களை ஆட்டச் சொன்னார். வலது கால் ஆடியது. இடது கால் சோம்பலாக ஆடியது. முதுகெலும்புக்குள் சீழ் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன் எங்களிடம் கிடையாது. பாண்டிச்சேரிக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார். "பழனி, நீங்க கூடப் போங்க. வழி பூரா காலப் பாத்துக்கிட்டே போங்க. பயப்படற ஆளுதான் இப்ப எனக்கு வேணும்" என்றார்.

கடலூர் தாண்டும்வரை நான் அவன் பாதத்தைச் சுரண்டிக்கொண்டே போனேன். "விரல ஆட்டு ராசா. மீனு வால ஆட்டற மாதிரி." ஆட்டினான். சில நேரம் ஆட்டவில்லை. அப்போதெல்லாம் இன்னும் பலமாகச் சுரண்டினேன். அஞ்சலை ஆம்புலன்ஸின் மறு கோடியில் உட்கார்ந்திருந்தாள்.

"கிட்ட வாம்மா. அம்மா புடிச்சா ஆட்டுவான்."

"வேணாண்ணே. என் கை வேணாம். நீங்களே புடிச்சிக்கங்க."

"உன் கையில ஒண்ணும் இல்லம்மா."

"பெரிய டாக்டரு சொல்றாரு, நீங்க இல்லன்றீங்க" என்றாள். கபிலன் அம்மா முந்தானைக்குக் கையை நீட்டினான். அவள் முந்தானையின் நுனியை மட்டும் தூரத்திலிருந்து எறிந்தாள். அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு அவன் தூங்கினான்.

கால் பிழைத்தது. பாண்டிச்சேரியில் சீழை எடுத்து, வாரக் கணக்கில் ஊசி போட்டார்கள். பையன் நடந்து வீட்டுக்குப் போனான் என்று மேடத்துக்குப் போன் வந்தது. ஆனால் அவர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வரவில்லை. யார்தான் வருவார்கள்?

இங்கே விசாரணை என்று ஒரு நாள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். குழந்தையைத் தொட்ட அத்தனை பேரும் சீஃப் ரூமில். கதவைச் சாத்தினார்கள். மேடம் சொன்னார்: "நான் வச்ச குழாய். கிருமி வரலாம்னு தெரிஞ்சே வச்சேன். அதுக்கு நான் பொறுப்பு. ஆனா நான் ஒட்டுன பிளாஸ்டர் அங்க இல்ல. அத யாரு எடுத்தா, எதுக்கு எடுத்தான்னு தெரியாம இந்தக் கூட்டம் முடியக்கூடாது."

மல்லிகா சிஸ்டர் எழுந்தார். "நாந்தான் மேடம் மாத்துனேன். தெனமும் மாத்துனேன். எல்லாக் குழந்தைக்கும் மாத்துனேன்." பிறகு சீஃப் பக்கம் திரும்பி, "நீங்க வர்ற நேரம் சார். கறிக்கடைன்னு சொன்னீங்களே" என்றார். குரல் நடுங்கவில்லை. அந்த அம்மாளுக்கு அன்றிலிருந்து என் மனதில் தனி இடம்.

சீஃப் வெகுநேரம் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். ஒப்புக்கொள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது இது: "குழந்தைகளுக்கு இந்தக் குழாயே வேண்டாம். நிறுத்துங்க. அழட்டும். அழுதா லங்ஸ் நல்லா விரியும்."

குழாயை நிறுத்தினார்கள். ரவுண்ட்ஸை நிறுத்தவில்லை. அலங்காரத்தை நிறுத்தவில்லை. எல்லோரும் கை விடுகிற அந்தப் பஞ்சு டப்பாவைக்கூட மாற்றவில்லை. அந்தத் தாயிடம் போய் உன்மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும் என்று மேடம் கேட்டார். "சொன்னா நாளைக்கு வக்கீலோட வருவா" என்று ஆபீஸில் பதில் வந்தது. வார்டு வாசலில் ஒரு போர்டு மாட்டினார்கள். 'குழந்தையின் முதுகில் திருநீறு, எண்ணெய், மஞ்சள் பூசுவதால் கிருமி தாக்குகிறது. தாய்மார்களே, சுத்தம் காப்பீர்.' நீலத்தில் வெள்ளை எழுத்து. அழகான போர்டு. சீஃபுக்கு அழுக்கு பிடிக்காதே.

மேடம் வேலையை விட்டுப் போனார். போவதற்கு முன் தானே சுனாமி குடியிருப்புக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு மங்களூர்ப் பக்கம் தொழிலுக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

பிறகு அந்த வார்டில் நான் கேட்ட அழுகைகளை எழுத எனக்குத் தெம்பில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். காடாம்புலியூரிலிருந்து ஒரு பெண் குழந்தை, வயிற்றில் பெரிய ஆபரேஷன். ஊசி மருந்து போட்டார்கள், அது இறங்கினதும் பிள்ளை கட்டில் கம்பியைக் கடித்தது. அப்பா முந்திரி விவசாயம். பொறுக்க முடியாமல் நர்ஸிடம் வந்து, "முதுகுல குழாய் வச்சா வலிக்காதாமே. இங்க வைக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். புதிதாக வந்த நர்ஸ், பாவம், அவளுக்கு என்ன தெரியும், வாசலைக் காட்டினாள். "போர்டு இருக்கு பாருங்க. நீங்க எதையாவது பூசிடறீங்கன்னுதான் நிறுத்திட்டாங்க."

"நாங்க எதுவும் பூசலையேம்மா" என்றார் அந்த மனிதர், தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டது போல.

எனக்குப் பயம் என்று சொன்னேன் அல்லவா. அந்தப் போர்டுக்கு முன்னால் பயம் போய்க் கோபம் வந்துவிடும். பெரியவர்களின் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு குழந்தையின் முதுகைத் தினமும் திறந்தார்கள். சீழ் பிடித்ததும் மீன் கூடைக்காரியின் கையைக் காட்டினார்கள். பிறகு வலியைத் தீர்க்கிற வழியையே அடைத்துவிட்டு, பழியை நீலப் பலகையில் எழுதி மாட்டினார்கள். குழாயில் ஆபத்து உண்டு. அதைத் தாயின் முகத்துக்கு நேராகச் சொன்னவர் ஒரே ஒருவர். அவர்தான் வேலையை விட்டுப் போனார்.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், குழந்தைகள் வார்டு வாசலில் ஒரு பெண் நின்று போர்டைப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பையன் ஒற்றைக் காலில் நொண்டியடித்து விளையாடிக்கொண்டிருந்தான். இடது காலில். நான் அந்தக் காலைத்தான் முதலில் பார்த்தேன்.

"அஞ்சலையா?"

"அண்ணே!" என்றாள். ஊருக்கே திரும்பி வந்துவிட்டார்களாம். தங்கச்சி குழந்தைக்கு இங்கே ஆபரேஷன், பார்க்க வந்திருக்கிறாள். பேசிக்கொண்டே இருந்தவள் மறுபடி போர்டைப் பார்த்தாள்.

"இது நாந்தானண்ணே?"

அவளை அங்கேயே பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ரவுண்ட்ஸ், கறிக்கடை, பஞ்சு டப்பா, படகு இல்லாத பிளாஸ்டர், சீஃப் ரூமில் மல்லிகா சிஸ்டர் எழுந்து நின்றது, மேடம் அவள் வீட்டுக்கு வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அன்னிலேருந்து இவன் முதுகுல நான் கை வச்சதில்லண்ணே. எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டறது அவுங்கப்பாதான். அவரு கடலுக்குப் போயிட்டா இவன் அப்படியேதான் குளிப்பான். ஏம்மான்னு கேப்பான். கை நாறுதுடான்னு சொல்லுவேன்."

பிறகு கேட்டாள். "அந்த சிஸ்டரம்மா சொன்னப்ப ரூம்ல யாரெல்லாம் இருந்தாங்க?"

"டாக்டருங்க, நாங்க, அவ்ளோதான். கதவ சாத்தியிருந்தாங்க."

"என்னைச் சொல்லும்போது வார்டே இருந்துச்சேண்ணே."

அவள் பையனைக் கூப்பிட்டாள். சட்டைக்குள் கையை விட்டு, முதுகில் அந்த வடு இருக்கிற இடத்தைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "கூசுதும்மா, விடு" என்று அவன் நெளிந்தான். அவள் விடவில்லை.

மறுநாள் நான் ஆபீஸுக்குப் போய்ப் போர்டைக் கழற்றச் சொன்னேன். "நல்ல விஷயம்தான எழுதியிருக்கு பழனி, ரிட்டயர் ஆகற நேரத்துல உனக்கு ஏன் இந்த வேலை?" என்றார்கள். இப்போது பெயிண்ட் அடிக்கும்போது கழற்றியிருக்கிறார்கள். துடைத்து, அதே ஆணியில் மாட்டியிருக்கிறார்கள்.

சரி. அவர்கள் போர்டில் எழுதினார்கள். நான் இதில் எழுதுகிறேன். கதவைச் சாத்தாமல், எல்லோரும் படிக்கிற மாதிரி.

அஞ்சலை தன் பிள்ளையின் முதுகில் எதையும் பூசவில்லை.